டிரான்ஸ்-சைபீரியன் ரயில்வே: ஆறுகளை வைத்துப் படிக்க வேண்டிய பாதை – முக்கியக் குறிப்புகள்

மாஸ்கோ–விளாடிவாஸ்டாக் ரயில் பாதையைப் பற்றி எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் முதல் வரியில் அதன் நீளம் இருக்கும். அடுத்த வரியில் ‘உலகிலேயே நீளமானது’ என்று இருக்கும். அதோடு சரி. அந்த இரண்டு வரியை வைத்து ஒரு மதிப்பெண் எடுக்கலாம். ஆனால் புவியியல், உலக வரலாறு, சர்வதேச உறவுகள், நடப்பு நிகழ்வுகள் என நான்கு பக்கமும் வேர்விட்டிருக்கும் தலைப்பு இது. ஊர்ப் பெயர்களை மட்டும் வரிசையாக உருப்போட்டால் ஒரு வாரம் தாங்காது. ரஷ்யப் பெயர்கள் அப்படி. எந்த ஊர் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது, அந்த ஆறு எந்தக் கடலுக்குப் போகிறது என்று பிடித்துக்கொண்டால் வரிசை தானாக வந்துவிடும். இந்தக் குறிப்புகள் அந்த முறையில் எழுதப்பட்டவை.

அடிப்படை விவரங்கள்

• தொடக்கம் மாஸ்கோவின் யாரோஸ்லாவ்ஸ்கி ரயில் நிலையம். முடிவு ஜப்பான் கடலை ஒட்டிய விளாடிவாஸ்டாக் துறைமுக நகரம்.

• நீளம் 9,289 கி.மீ. விளாடிவாஸ்டாக் நிலைய நடைமேடையில் நிற்கும் நினைவுத் தூணில் 9288 என்று பொறித்திருக்கும். உண்மையான அளவு 9,288 கி.மீ.க்குச் சற்று அதிகம் என்பதால் இரண்டு எண்ணும் புழக்கத்தில் இருக்கின்றன. பாதையின் சில பகுதிகள் பிற்காலத்தில் மாற்றிப் போடப்பட்டதால் பழைய நூல்களில் வேறு எண்களும் கிடைக்கும். விடைத்தாளில் 9,289 போதும்.

• புகழ்பெற்ற ரயில்: ‘ரோஸ்ஸியா’ (எண் 1/2). முனையிலிருந்து முனைக்கு ஆறு நாளுக்கு மேல் ஆகும். நிறுத்தங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரி வேகம் மணிக்கு 60 கி.மீ. அளவில்தான் வரும்.

• ரஷ்யாவின் நேர மண்டலங்கள் 11. இந்தப் பாதை கடப்பது 8. ஆனால் மாஸ்கோவுக்கும் விளாடிவாஸ்டாக்குக்கும் நேர வித்தியாசம் 7 மணி நேரம்தான். எட்டு மண்டலம் என்றால் எட்டு மணி நேரம் என்று அவசரத்தில் குறித்துவிடுவது பலர் விழும் குழி. இந்திய நேரத்தோடு ஒப்பிட்டால் மாஸ்கோ இரண்டரை மணி நேரம் பின்னால். விளாடிவாஸ்டாக் நாலரை மணி நேரம் முன்னால். கூட்டினால் ஏழு.

• ரஷ்ய ரயில்வே நெடுங்காலம் நாடு முழுவதும் மாஸ்கோ நேரத்தையே பின்பற்றியது. நடுச் சைபீரியாவில் விடியற்காலையில் வண்டியேறுபவரின் பயணச்சீட்டில் நள்ளிரவு என்று இருக்கும். 2018 ஆகஸ்ட் 1 முதல் பயணச்சீட்டுகளில் உள்ளூர் நேரம் அச்சிடப்படுகிறது. பழைய கையேடுகளில் இது திருத்தப்பட்டிருக்காது, நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

• தண்டவாள இடைவெளி: ரஷ்யா 1,520 மி.மீ.; சீனா 1,435 மி.மீ.; இந்திய அகலப்பாதை 1,676 மி.மீ.

• மின்மயமாக்கல் 1929-இல் தொடங்கி 2002-இல் முழுப் பாதைக்கும் நிறைவடைந்தது.

• ஒப்பீட்டுக்கு: இந்தியாவின் மிக நீண்ட ரயில் பயணம் திப்ருகர்–கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ், சுமார் 4,200 கி.மீ. அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இந்தப் பாதை.

ஏன் போட்டார்கள்: ஆறுகள் வடக்கே ஓடுகின்றன

• சைபீரியாவின் பேராறுகள் மூன்று: ஓப், யெனிசெய், லீனா. மூன்றும் தெற்கே மலைகளில் பிறந்து வடக்கே ஆர்க்டிக் பெருங்கடலில் கலக்கின்றன. ரஷ்யப் பேரரசுக்குத் தேவைப்பட்டதோ மேற்கு–கிழக்குப் போக்குவரத்து. தேவை ஒரு திசையில், இயற்கை தந்த வழி இன்னொரு திசையில். இந்தப் பாதை பிறந்ததற்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. புவியியல் காரணம் இது ஒன்றுதான். முதன்மைத் தேர்வில் ‘காரணம் கூறுக’ என்று வந்தால் இங்கிருந்து தொடங்குங்கள்.

• உடன் படிக்க வேண்டியது: இந்த ஆறுகளின் தெற்குப் பகுதியில் வசந்த காலத்தில் பனி முதலில் உருகும். வடக்கே முகத்துவாரம் அப்போதும் உறைந்தே கிடக்கும். வரும் நீர் போக வழியில்லாமல் கரைபுரண்டு சமவெளியில் பரவும். மேற்குச் சைபீரியச் சமவெளி சதுப்பு நிலமாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

• ரயிலுக்கு முன்பு சைபீரியாவைக் கடப்பது எப்படி இருந்தது என்பதற்கு எழுத்தாளர் ஆன்டன் செகாவ் சாட்சி. 1890 ஏப்ரலில் மாஸ்கோவிலிருந்து கிளம்பினார். ரயில், படகு, குதிரை வண்டி என மாறி மாறிப் போய் சகலின் தீவை அடைந்தபோது ஜூலை. சகலின் சிறைக்குடியிருப்புகளை ஆராய்ந்து எழுதிய அவர், திரும்பும்போது அதே வழியில் வரவில்லை. கப்பலேறி சிங்கப்பூர், கொழும்பு வழியாகத் திரும்பினார். உலகின் பாதியைக் கடலில் சுற்றுவது தரைவழியைவிட மேலாக இருந்த காலம் அது.

கட்டிய வரலாறு: ஆண்டுகளும் பெயர்களும்

• 1891: ஜார் மூன்றாம் அலெக்சாண்டர் ஆணை பிறப்பித்தார். அதே ஆண்டு மே 31-இல் விளாடிவாஸ்டாக்கில் அடிக்கல் நாட்டியவர் இளவரசர் நிக்கலஸ், பிற்கால ஜார் இரண்டாம் நிக்கலஸ். ஆணையிட்டவர் தந்தை, கல் நட்டவர் மகன். இருவரையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ரஷ்யாவில் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டி என்பதால் சில நூல்களில் மே 19 என்றும் இருக்கும்.

• இளவரசர் அப்போது கீழைநாட்டுச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். எகிப்து, இந்தியா, இலங்கை, சயாம், சீனா எல்லாம் பார்த்துவிட்டு ஜப்பான் போனவரை ஓட்சு நகரில் பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவரே வாளால் வெட்டினார் (1891 மே 11). தலையில் காயத்தோடு தப்பினார். ‘ஓட்சு சம்பவம்’ என்பது இதுதான். வெட்டுப்பட்ட மூன்றாம் வாரத்தில் விளாடிவாஸ்டாக்கில் அடிக்கல். பிறகு சைபீரியாவைத் தரைவழியாகவே கடந்து தலைநகர் திரும்பினார். பதிமூன்று ஆண்டுகள் கழித்து அவர் ஆட்சியில்தான் ஜப்பானோடு போர் மூண்டது.

• திட்டத்தின் மூளை: செர்கெய் விட்டே. 1892 முதல் 1903 வரை நிதியமைச்சர். ரயில்வேத் துறையில் வேலை பார்த்து மேலே வந்தவர் என்பதால் தண்டவாளத்தின் கணக்கும் தெரியும், கஜானாவின் கணக்கும் தெரியும்.

• பணி இரு முனைகளிலிருந்தும் தொடங்கியது. கிழக்கே விளாடிவாஸ்டாக் 1891, மேற்கே செல்யாபின்ஸ்க் 1892. தொடக்கப் பாதை செல்யாபின்ஸ்க் வழியாக இருந்தது. இன்றைய முதன்மைப் பாதை யெகாதெரின்பர்க், டியூமென் வழியாகப் போகிறது.

• உழைத்தவர்கள்: ரஷ்ய விவசாயிகள், படைவீரர்கள், தண்டனைக் கைதிகள், கிழக்கே சீன, கொரியத் தொழிலாளர்கள். வேலை செய்த கைதிகளுக்குத் தண்டனைக் காலம் குறைக்கப்பட்டது.

• 1896: சீனாவின் மஞ்சூரியா வழியாகக் குறுக்குப் பாதை போட ரஷ்யா–சீனா உடன்பாடு. சீனத் தரப்பில் லீ ஹாங்சாங். இதன்படி அமைந்தது சீனக் கிழக்கு ரயில்வே. 1898-இல் ஹார்பின் நகரம் உருவானதே இந்த ரயில்வேக்காகத்தான்.

• 1900: பாரிஸ் உலகக் கண்காட்சியில், ஓடாத ரயில் பெட்டியில் பார்வையாளர்களை உட்காரவைத்து, ஜன்னலுக்கு வெளியே ஓவியத் திரைகளை நகர்த்தி ‘சைபீரியப் பயணம்’ காட்டினார்கள். காசு கொடுத்து ஏறி இறங்கினார்கள் பாரிஸ்காரர்கள். அதே ஆண்டு நிக்கலஸ் தன் மனைவிக்கு அளித்த ஃபாபெர்ஜே ஈஸ்டர் முட்டைக்குள் தங்கத்தாலும் பிளாட்டினத்தாலும் செய்த குட்டி சைபீரிய ரயில் இருந்தது. சாவி கொடுத்தால் ஓடும்.

• 1904: பைக்கால் ஏரியின் தென்கரைப் பாதை முடிந்து, மஞ்சூரியா வழியாகத் தண்டவாளம் அறுபடாமல் பசிபிக்கைத் தொட்டது.

• 1916: கபரோவ்ஸ்கில் ஆமூர் ஆற்றுப் பாலம் திறக்கப்பட்டு, முழுவதும் ரஷ்ய மண்ணிலேயே ஓடும் பாதை நிறைவடைந்தது. ‘எப்போது முடிந்தது’ என்ற கேள்விக்கு 1904, 1916 இரண்டும் விருப்பங்களில் இருந்தால், கேள்வியில் ‘ரஷ்ய நிலப்பரப்பின் வழியே’ என்ற சொற்கள் உள்ளனவா என்று பாருங்கள்.

மேற்கிலிருந்து கிழக்கே: ஆறும் ஊரும்

இந்தப் பகுதிக்கு நிலப்படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெரிய ஊரும் ஓர் ஆற்றைப் பாதை தொடும் இடம். கீழே ஊர், ஆறு, ஆறு சேருமிடம் என்ற வரிசையில் தந்திருக்கிறோம். முக்கியமான ஊர்களுக்கு மட்டும் கூடுதல் விவரம்.

• நீஷ்னி நோவ்கரோத் – வோல்கா – காஸ்பியன் கடல். ஓகா ஆறு வோல்காவில் கலக்கும் இடம். மாக்சிம் கார்க்கி பிறந்த ஊர். 1932 முதல் 1990 வரை நகரத்தின் பெயரே கார்க்கி. வோல்கா ஐரோப்பாவின் மிக நீண்ட ஆறு.

• கீரவ் – வியாட்கா – காமா வழியாக வோல்கா.

• பெர்ம் – காமா – வோல்கா – காஸ்பியன். புவியியலில் ‘பெர்மியன் காலம்’ என்று படிக்கிறோமே, அந்தப் பெயர் இந்த வட்டாரத்திலிருந்து வந்தது.

• யூரல் மலைத்தொடர்: மாஸ்கோவிலிருந்து 1,777-ஆம் கி.மீ.இல் பெர்வோராள்ஸ்க் அருகே ஐரோப்பா–ஆசிய எல்லைத் தூண். மலை என்று பெரிதாக எதிர்பார்த்து ஜன்னலோரம் காத்திருப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். நம் ஆரவல்லியைப் போலத் தேய்ந்துபோன பழைய மடிப்பு மலை. தூண் ஓரிரு நொடியில் கடந்துவிடும். பெர்ம் ஐரோப்பாவில், யெகாதெரின்பர்க் ஆசியாவில்.

• யெகாதெரின்பர்க் – இசெட் – தோபோல், இர்திஷ், ஓப் வழியாக ஆர்க்டிக். இங்கிருந்து நீர் திசை மாறிவிட்டதைக் கவனியுங்கள். 1723-இல் உருவான நகரம். 1918 ஜூலை 16–17 இரவில் இரண்டாம் நிக்கலஸும் குடும்பத்தாரும் இங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

• டியூமென் – தூரா – தோபோல். 1586-இல் நிறுவப்பட்டது, சைபீரியாவில் ரஷ்யர்களின் முதல் நகரம். இன்று எண்ணெய், எரிவாயுப் பகுதியின் தலைவாசல்.

• ஓம்ஸ்க் – இர்திஷ் – ஓப். தாஸ்தயேவ்ஸ்கி 1850 முதல் 1854 வரை சிறையிருந்த ஊர். உள்நாட்டுப் போரில் செஞ்சேனையை எதிர்த்த அட்மிரல் கோல்சாக்கின் தலைநகர்.

• நோவோசிபிர்ஸ்க் – ஓப் – ஆர்க்டிக் (காரா கடல்). இந்தத் தலைப்பில் ஒரே ஒரு ஊரைத்தான் ஆழமாகப் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். 1893-இல் ஓப் ஆற்றின் மேல் ரயில் பாலம் கட்ட வந்தவர்களின் குடியிருப்பாக உருவானது. பாலத்துக்கு இடம் பார்த்த குழுவின் தலைவர் கரின்-மிகைலோவ்ஸ்கி, பொறியாளர் மட்டுமல்ல, எழுத்தாளரும்கூட. பழைய பெயர் நோவோனிக்கலாயெவ்ஸ்க். 1926-இல் பெயர் மாறியது. இன்று மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அடுத்து ரஷ்யாவின் மூன்றாவது பெரிய நகரம். பாலம் கட்டிய அதே காலத்தில் சைபீரியாவின் முதல் பல்கலைக்கழகம் அமைந்த டோம்ஸ்க் நகரை முதன்மைப் பாதை தொடாமல் தெற்கே விலகிப் போனது. டோம்ஸ்குக்குக் கிடைத்தது ‘தைகா’ என்ற நிலையத்திலிருந்து பிரியும் கிளைப் பாதை மட்டும். நூற்றாண்டுகளாகப் பெரிய ஊராக இருந்தது பின்தங்கியது. பாலம் கட்ட வந்தவர்களின் குடிசைகள் மாநகரமாயின. ‘போக்குவரத்தும் நகர வளர்ச்சியும்’ என்று மனிதப் புவியியலில் கட்டுரை வந்தால் இந்த இரண்டு ஊரையும் எதிரெதிரே நிறுத்தி எழுதலாம்.

• கிராஸ்னோயார்ஸ்க் – யெனிசெய் – ஆர்க்டிக் (காரா கடல்). பொறியாளர் புரோஸ்குரியாகோவ் வடிவமைத்த பாலம், 1899. பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. 1889 பாரிஸ் கண்காட்சி ஐஃபல் கோபுரத்துக்கு உரியது, 1900 கண்காட்சி இந்தப் பாலத்துக்கு உரியது. இரண்டையும் கலக்க வேண்டாம். பழைய பாலம் இப்போது இல்லை; அகற்றப்பட்டுவிட்டது.

• இர்குட்ஸ்க் – அங்காரா – யெனிசெய். 1825 டிசம்பர் கிளர்ச்சியாளர்கள் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த நகரம்.

• உலான்-உதே – செலெங்கா – பைக்கால் ஏரி. புரியாத் குடியரசின் தலைநகர். பௌத்தம் செழித்த பகுதி. உலகின் மிகப்பெரிய லெனின் தலைச்சிற்பம் இங்கே. உடல் கிடையாது, தலை மட்டும்.

• யாப்லோனவி மலைகள்: பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் புவியியல் மாணவர் அடிக்கோடிட வேண்டிய இடம். இதற்கு மேற்கே விழும் மழை செலெங்கா, பைக்கால் வழியாக ஆர்க்டிக் போகும். கிழக்கே விழுவது ஆமூர் வழியாகப் பசிபிக் போகும். பாதை இந்த நீர்ப்பிரிமேட்டைத் தாண்டியதும் வருவது சீத்தா.

• சீத்தா – இங்கோடா – ஷில்கா – ஆமூர் – பசிபிக். இதற்கு அப்பால் நாள் கணக்கில் பெரிய ஊர் கிடையாது. லார்ச் காடு, பிர்ச் காடு, மறுபடி லார்ச். நிரந்தர உறைநிலம் என்பதால் கோடையில் மேல்மண் இளகும்போது தண்டவாள மேடு அமிழும். இங்கு பாதையைப் பராமரிப்பதே தனி வித்தை. மொகோச்சா பகுதியில் குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே போவதுண்டு.

• பிரோபிஜான்: யூதத் தன்னாட்சி மாநிலத்தின் தலைநகர் (1934). நிலையப் பெயர் இத்திஷ் மொழியிலும் எழுதப்பட்டிருக்கும்.

• கபரோவ்ஸ்க் – ஆமூர். உசூரி ஆறு ஆமூரில் கலக்கும் இடத்தருகே. பாலத்தின் நீளம் சுமார் 2.6 கி.மீ., பாதையிலேயே நீளமானது. 5,000 ரூபிள் நோட்டில் இந்தப் பாலத்தின் படம் உண்டு. ஆற்றுக்கு அடியில் போர்க்கால முன்னெச்சரிக்கையாக 1937-இல் தொடங்கி 1940-களில் முடித்த சுரங்கப்பாதையும் உண்டு. ஆமூரைச் சீனர்கள் ஹெய்லோங் ஜியாங் என்பார்கள். இங்கிருந்து பாதை தெற்கே திரும்பி விளாடிவாஸ்டாக் செல்கிறது.

• லீனா எங்கே என்று கேட்கிறீர்களா? முதன்மைப் பாதை லீனாவைக் கடப்பதே இல்லை. பேராறு மூன்றில் இரண்டுதான். லீனாவைக் கடப்பது இதற்கு வடக்கே போகும் பைக்கால்–ஆமூர் பாதை (பி.ஏ.எம்.).

பைக்கால்: பயணத்தின் உச்சம்

• மூன்று நாளுக்கு மேல் காட்டையே பார்த்த கண்ணுக்கு ஏரி வந்துவிடுகிறது. மலையிறங்கும் பாதையிலிருந்து முதலில் கீழே ஓரத்தில் நீலமாகத் தெரிந்து, பிறகு தண்டவாளம் கரையோடு கரையாகச் சுமார் 200 கி.மீ. ஓடும். பயணிகள் எல்லோரும் ஒரே பக்க ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். கிழக்கே போகும்போது இடப்பக்கம்.

• உலகின் மிக ஆழமான ஏரி: 1,642 மீ. உறையாத மேற்பரப்பு நன்னீரில் ஏறத்தாழ 20 விழுக்காடு இதில். வயது சுமார் 2.5 கோடி ஆண்டுகள். பிளவுப் பள்ளத்தாக்கு ஏரி. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம்: 1996.

• முந்நூறுக்கும் மேற்பட்ட ஆறுகள் உள்ளே வருகின்றன. வெளியேறுவது ஒன்றே ஒன்று, அங்காரா.

• நன்னீரில் மட்டுமே வாழும் ஒரே சீல் இனம் பைக்கால் சீல், உள்ளூரில் நெர்ப்பா. ஏரிக்கே உரிய மீன் ஓமுல்.

• கரைப்பாதை முடியும்வரை ஏரியைக் கடந்தது எப்படி? இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் செய்த ‘பைக்கால்’, ‘அங்காரா’ என்ற இரு பனியுடைப்புக் கப்பல்களைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கொண்டுவந்து கரையில் பூட்டினார்கள். ‘பைக்கால்’ ரயில் பெட்டிகளையே சுமந்து கடக்கும். உள்நாட்டுப் போரில் 1918-இல் எரிந்துபோனது. ‘அங்காரா’ இன்றும் இர்குட்ஸ்கில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

• 1904 குளிர்காலத்தில் ஜப்பானோடு போர் தொடங்கிவிட்டது. பனி கப்பலை விடவில்லை. ரயில்வே அமைச்சர் கில்கோவ் நேரில் வந்து நின்று, உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போடச் செய்தார். இன்ஜினின் எடையைப் பனி தாங்காது என்பதால் பெட்டிகளைக் குதிரைகள் இழுத்தன.

• கரைப்பாதையில் முப்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். 1950-களில் இர்குட்ஸ்க் நீர்மின் அணை எழுந்தபோது அங்காராக் கரையோரத் தண்டவாளம் நீரில் மூழ்கியது. முதன்மைப் பாதை மலைவழியாக மாறியது. ஏரிக்கரையின் பழைய பகுதி இப்போது சுற்றுலா ரயில்கள் ஓடும் கிளை.

• ஸ்லூதியான்கா நிலையக் கட்டடம் பளிங்குக் கல்லால் ஆனது. ஏரி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்.

போர்களும் இந்தப் பாதையும்

• 1904 ஜனவரி 25: லண்டன் ராயல் புவியியல் கழகத்தில் ஹால்ஃபோர்ட் மெக்கிண்டர் தன் ‘இதயநிலம்’ கோட்பாட்டின் அடிப்படையை முன்வைத்தார். கடல் வல்லரசுகளின் காலம் மாறுகிறது, கண்டம் கடக்கும் ரயில்கள் தரை வல்லரசுக்குப் பலம் தருகின்றன என்பது சாரம். இரண்டே வாரத்தில், பிப்ரவரி 8 இரவு, ரஷ்யக் கடற்படைத் தளமான போர்ட் ஆர்தரை ஜப்பான் தாக்கியது. பாதை முழுமையாவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்பது ஜப்பானின் கணக்குகளில் ஒன்று. ரஷ்யாவுக்கோ ஒற்றைத் தண்டவாளம், இலேசான இரும்பு, நடுவில் ஏரி. படை போய்ச் சேர்ந்த வேகம் போதவில்லை. கோட்பாடு சொன்னதற்கும் களத்தில் நடந்ததற்கும் இருந்த இடைவெளி இது.

• 1905 போர்ட்ஸ்மவுத் உடன்படிக்கை: நடுவர் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் (1906 அமைதிக்கான நோபல் பரிசு). ரஷ்யத் தரப்பில் பேசியவர், பாதையைப் போடவைத்த அதே விட்டே. தென் சகலினும் தென் மஞ்சூரிய ரயில்வேயும் ஜப்பான் கைக்குப் போயின.

• அந்தத் தென் மஞ்சூரியத் தண்டவாளத்தில்தான் 1931 செப்டம்பர் 18-இல் குண்டு வெடித்தது (முக்டென் சம்பவம்). அதைச் சாக்கிட்டு ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தது. 1896 உடன்பாடு, 1905 உடன்படிக்கை, 1931 ஆக்கிரமிப்பு மூன்றையும் தனித்தனித் தேதிகளாகப் படிக்காமல் ஒரே தண்டவாளத்தின் கதையாகப் படியுங்கள்.

• 1918–1920: செக் படையணி. ரஷ்யாவில் சிக்கிய பல்லாயிரம் செக், ஸ்லோவாக் வீரர்கள் மேற்கே போக வழியில்லாமல் விளாடிவாஸ்டாக் வழியாக உலகைச் சுற்றி ஊர் திரும்பப் புறப்பட்டார்கள். செல்யாபின்ஸ்கில் மோதல் வெடித்து, பாதை நெடுகிலும் நிலையங்கள் அவர்கள் கைக்கு வந்தன.

• 1940: லிதுவேனியாவின் கவுனாஸ் நகரில் ஜப்பானியத் தூதரக அதிகாரி சியுனே சுகிஹாரா யூத அகதிகளுக்கு விசா வழங்கினார். அவர்கள் தப்பிய வழி இந்த ரயில், பிறகு விளாடிவாஸ்டாக், பிறகு கப்பலில் ஜப்பானின் சுருகா.

• 1941: ஜெர்மானியத் தாக்குதலுக்குத் தப்பிய தொழிற்சாலைகள் யூரலுக்கும் சைபீரியாவுக்கும் இடம்பெயர்ந்தன. அமெரிக்கப் போர் உதவிப் பொருள்களில் எடையளவில் ஏறத்தாழ பாதி பசிபிக் வழியாக வந்தது.

பெட்டிக்குள்

• மூன்று வகுப்புகள்: பிளாட்ஸ்கார்ட் (கதவில்லாத திறந்த பெட்டி, 54 படுக்கை), கூப்பே (நால்வர் அறை), எஸ்.வி. (இருவர் அறை). பிளாட்ஸ்கார்ட்டில் நம்மூர் ஸ்லீப்பர் போலவே சைடு லோயர், சைடு அப்பர் உண்டு.

• பெட்டிக்கொரு பணிப்பெண், புரோவோத்னிட்சா. பெட்டி முனையில் எப்போதும் கொதிக்கும் வெந்நீர்க் கொதிகலன். உலோகத் தாங்கியில் வைத்த கண்ணாடித் தம்ளரில் தேநீர்.

கிளைப் பாதைகள்

• டிரான்ஸ்-மங்கோலியன்: உலான்-உதே அருகே பிரிந்து உலான் பாத்தர் வழியாக பெய்ஜிங். மங்கோலியாவிலும் 1,520 மி.மீ. என்பதால் சக்கரச் சட்டத்தை மாற்றுவது சீன எல்லையில்தான்.

• டிரான்ஸ்-மஞ்சூரியன்: சீத்தாவுக்குக் கிழக்கே பிரிந்து ஹார்பின் வழியாக பெய்ஜிங்.

• பி.ஏ.எம். (பைக்கால்–ஆமூர் பாதை): தைஷெட் – சோவெத்ஸ்கயா கவன், சுமார் 4,300 கி.மீ. ஸ்டாலின் காலத்தில் கைதிகளின் உழைப்பில் தொடக்கம். 1969 உசூரி எல்லை மோதலுக்குப் பின், சீன எல்லையை ஒட்டிய ஒரே பாதையை நம்பியிருப்பது ஆபத்து என்பது உறைத்தது. 1974-இல் மறுபடி தொடங்கி 1984-இல் இரு முனைகளும் இணைந்தன. செவரோமூய்ஸ்கி சுரங்கம் 15.3 கி.மீ., திறப்பு 2003.

குழப்பும் ஒப்பீடுகள்

• மிக நீண்ட பாதை வேறு, மிக நீண்ட நேரடிச் சேவை வேறு. மாஸ்கோ–பியோங்யாங் சேவை 10,000 கி.மீ.க்கும் மேல், கோவிட் காலத்தில் நின்று 2025 ஜூனில் மீண்டும் தொடங்கியது.

• உயரத்தில் முதலிடம்: சீனாவின் சிங்ஹாய்–திபெத் ரயில்வே (2006), டாங்குலா நிலையம் 5,068 மீ.

• நேர்கோட்டில் முதலிடம்: ஆஸ்திரேலியாவின் நல்லர்போர் சமவெளி, 478 கி.மீ. வளைவே இல்லை. சிட்னி–பெர்த் ‘இந்தியன் பசிபிக்’ ரயில் (4,352 கி.மீ.) இதன் வழியே போகிறது. பெயரில் இந்தியன் என்பது பெருங்கடல்.

• கனடாவின் ‘தி கனடியன்’: டொராண்டோ–வான்கூவர், 4,466 கி.மீ.

• ஏரிகள்: பரப்பில் பெரியது காஸ்பியன், நன்னீர் ஏரிகளில் பரப்பில் பெரியது சுப்பீரியர், நன்னீர்க் கொள்ளளவில் பெரியதும், எல்லா ஏரிகளிலும் ஆழமானதும் பைக்கால்.

விளாடிவாஸ்டாக்கும் சென்னையும்

• சோவியத் காலத்தில் விளாடிவாஸ்டாக் பசிபிக் கடற்படைத் தளம். வெளிநாட்டவர் நுழைய முடியாத மூடிய நகரம். 1992-இல் திறக்கப்பட்டது. 2015 முதல் இங்கு கிழக்குப் பொருளாதார மன்றம் கூடுகிறது.

• 2019 செப்டம்பரில் அந்த மன்றத்தின் ஐந்தாவது கூட்டத்துக்குப் பிரதமர் மோடி சென்றார். ரஷ்யத் தூரக்கிழக்குக்குச் சென்ற முதல் இந்தியப் பிரதமர். 100 கோடி டாலர் கடனுதவி அறிவிப்பு, ‘ஆக்ட் ஃபார் ஈஸ்ட்’ கொள்கை, சென்னை–விளாடிவாஸ்டாக் கடல்வழித்தட உடன்பாடு மூன்றும் இதே பயணத்தில்.

• கடல்வழித்தடத்தின் நீளம் சுமார் 5,600 கடல் மைல், அதாவது 10,370 கி.மீ. அளவில். ரயில் பாதையைவிட ஓராயிரம் கி.மீ. அதிகம். சூயஸ் வழியாக ஐரோப்பிய ரஷ்யாவுக்கு 40 நாள் ஆகும் சரக்கு, இவ்வழியில் 24 நாளில் ரஷ்ய மண்ணைத் தொடும் என்பது மதிப்பீடு. எதிர்பார்க்கப்பட்ட சரக்கு: கோக்கிங் நிலக்கரி, கச்சா எண்ணெய், திரவ இயற்கை எரிவாயு, உரம்.

• கடக்கும் கடல்கள், வடக்கிலிருந்து: ஜப்பான் கடல், கிழக்குச் சீனக் கடல், தென்சீனக் கடல், மலாக்கா நீரிணை, அந்தமான் கடல், வங்காள விரிகுடா. பொருத்துக வினாவுக்கும் வரிசைப்படுத்துக வினாவுக்கும் இந்த வரிசை பயன்படும்.